சரளைச் சத்தத்தில் கேட்காமல் போன மோட்டார்

குமார், நீ என்னை மூன்று நாள் ஏமாற்றினாய். போன வருஷம் என்னையும் உன் அம்மாவையும் பிரான்சுக்கு வரவழைத்து, பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் மோட்டார் வைத்த சைக்கிளில் என்னை ஏற்றி, அது சாதாரணச் சைக்கிள் என்று நம்பவைத்தாய். காட்டுக்கு நடுவே சரளைக்கல் பாதையில் மேடு மேடாக ஏறினேன். என் கால்தான் ஏற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். உனக்கு உண்மை தெரியும். உன் மனைவி ஸ்ரீஜாவுக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும். சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும் தெரியாது. அவன் யார்? நாற்பத்தைந்து வருஷமாக நம் கரமனைக் கடையில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, போயிருப்பது பேரிங்கா காயிலா என்று சொல்கிறவன். அவனை மோட்டாரின் மேலேயே உட்காரவைத்து மோட்டார் இல்லை என்று சொல்லியிருக்கிறாய். உனக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். உண்மை தெரிந்து நான்கு மாதம் யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்கிறாள் உன் அம்மா. போனில் சொன்னால் நீ மலையாளத்துக்குப் போய்விடுவாய். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவன் நீ. இரண்டும் உனக்கு ஒன்றுபோலத்தான் வரும். ஆனால் சின்ன வயதிலிருந்து ஒன்றைக் கவனித்து வைத்திருக்கிறேன். என்னிடம் பொய் சொல்லும்போது மட்டும் மலையாளத்தில் பேசுவாய். ஏழாம் வகுப்பில் கணக்குப் பேப்பரை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, "பேப்பர் கிட்டியில்லப்பா" என்றாய். கிடைக்கவில்லை என்று தமிழில் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அது நல்லது. ஒரு வார்த்தையையும் தாண்டிப் போக முடியாது.

இப்போது எழுதுவதற்குக் காரணம், ஜூன் மாதத்துக்கு மறுபடியும் டிக்கெட் போடட்டுமா என்று நீ கேட்டது. அதே காடு, இந்தத் தடவை ஐந்து நாள் என்றாய். நான் பதில் சொல்லவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அம்மாவிடம் விசாரித்தாயாம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இனி உன்னோடு சைக்கிளில் ஏறுவேனா என்பதுதான் கேள்வி. இதை எழுதி முடிக்கும்போதுதான் அதற்கு எனக்கே பதில் தெரியும்.

அந்தப் பாதையின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோர்வான் என்று நீ சொன்ன அந்தக் காட்டுப் பக்கத்தில், என்றைக்கோ ரயில் ஓடிய இடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சரளை போட்டிருந்தார்கள். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரக்கட்டை குறுக்கே கிடந்தது. சைக்கிள் நுழையும் அளவுக்கு மட்டும் ஓரத்தில் இடம் விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை, சிவப்பு வட்டத்துக்குள் மோட்டார் சைக்கிள் படம். மோட்டார் வண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம் சொன்னாய். எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று நான் அதைத் தொட்டுப் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். பிறகு ரயில் பாதையை விட்டு விலகி, மரம் வெட்டுகிறவர்கள் போட்ட வழிகளில் மேலே ஏறினோம். வழியெல்லாம் அறுத்த மரங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் முகத்திலும் பெயின்டில் நம்பர் எழுதியிருந்தார்கள். இரண்டு பக்கமும் மரம், காலுக்குக் கீழே சரளை. ஒரு ஹாரன் இல்லை. நம் ஊர்க் கிள்ளிப்பாலம் சிக்னலில் தினமும் நின்று பழகிய காதுக்கு முதல் ஒரு மணி நேரம் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. பின்னால் ஏதும் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "எதும் வராதுப்பா, நேராப் பாத்து ஓட்டுங்க" என்றாய். மதியத்துக்கு மேல்தான் என் கழுத்து அதை நம்பியது.

தண்ணீர் தீர்ந்தபோது என்னை ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாய். அந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தண்ணீர் பிடிப்பார்களாம். பூவுக்கு ஊற்றுவதற்காக எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு குழாய் இருக்குமாம். "சுடுகாட்டுத் தண்ணியவா என்னக் குடிக்கச் சொல்லுத?" என்றேன். "இங்க யாரையும் சுடலப்பா, பொதைக்கத்தான் செய்வாங்க" என்றாய். அது இன்னும் மோசம் என்று சொன்னேன். நீ சிரித்துச் சிரித்துப் புரையேறி நின்றாய். அன்று சாயங்காலம்வரை நான் நாக்கு வறண்டு ஓட்டினேன். அடுத்த நாள் குடித்துவிட்டேன். கரமனைக் குழாயில் வருவதைவிட நன்றாக இருந்தது. இதையெல்லாம் எழுதுவது எதற்கென்றால், அந்த மூன்று நாளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தின் அடியில் ஒரு பொய்யை வைத்தாயே என்பதுதான் வழக்கு.

அடையாளங்கள் எல்லாம் கண்முன்னால் இருந்தன. என் சைக்கிளின் கீழ்க்குழாய் உன்னுடையதைவிடத் தடியாக இருந்தது. பின் ஹப், சாதாரணமாகத் தக்காளி அளவு இருக்க வேண்டியது, கொட்டாங்கச்சி அளவு இருந்தது. கேட்டேன். டிஸ்க் பிரேக்குக்காக அப்படி என்றாய். சாயங்காலம் தங்கிய இடத்தில் சைக்கிளுக்குச் சார்ஜ் போட்டாய். லைட்டுக்கு என்றாய். சார்ஜர் செங்கல் அளவு இருந்தது. ஒரு லைட்டுக்குச் செங்கல் அளவு சார்ஜரா என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் கடைக்கு வருகிறவன் அப்படிச் சொன்னால் நாலு கேள்வி கேட்பேன். அன்று கேட்கவில்லை. எழுபத்தொரு வயதில் மலை ஏறிவிட்டு வந்து உட்கார்ந்தவனுக்கு, ஏறியதைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. முதல் பெரிய மேட்டில், "என்ன மக்கா, இவ்வளவு லேசா ஏறுது?" என்று நான் கேட்டபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ஈ சைக்கிள் பயங்கர லைட் வெயிட் ஆணுப்பா" என்றாய். ரொம்ப லேசான சைக்கிள் என்று மலையாளத்தில் சொன்னாய். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காது கேட்காமலா போயிற்று என்று நீ கேட்கலாம். அதைத்தான் நானும் முதலில் பயந்தேன். ஊருக்கு வந்து உண்மை தெரிந்த அன்றே கடையைத் திறந்து, மேசைமேல் இருந்த ஒரு கிரைண்டர் மோட்டாரை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தேன். பின்பக்கப் பேரிங்கில் ஒரே ஒரு குண்டு தேய்ந்திருப்பது கேட்டது. காது போகவில்லை. சரளைதான் காரணம். டயருக்கு அடியில் கல் நொறுங்குகிற சத்தம் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. அதற்குள் மோட்டாரின் சின்ன மூளல், அந்த ரீங்காரம், ஒளிந்துகொண்டது. தார் ரோட்டில் ஓட்டியிருந்தால் கால் மைலில் கண்டுபிடித்திருப்பேன். வண்டி வராத சரளைப் பாதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது என் பாதுகாப்புக்காக மட்டும்தானா என்று இப்போது கேட்கிறேன். மோட்டார் வரக்கூடாது என்று பலகை வைத்த காட்டுக்குள் அன்று ஓடிய ஒரே மோட்டார் எனக்கு அடியில் இருந்தது.

மூன்றாம் நாள் கடைசி மேட்டைப் பற்றி எழுதியாக வேண்டும். உச்சியில் ஒரு சின்னக் கல் கோயில், வெளியே ஒரு பெஞ்சு. நான் முதலில் போய்ச் சேர்ந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீ வெகுநேரம் கழித்துச் சட்டையெல்லாம் நனைந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வந்தாய். நான் சொன்னேன்: "என்னலே, இதுக்கே இப்பிடி இளைக்குத. ஒனக்கு அந்தக் காலத்துலயே காலு வலு கெடையாதுல்லா." நீ ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை அந்தப் பெஞ்சில் வைத்து, பக்கத்தில் என் சைக்கிளைச் சாய்த்து, ஒரு போட்டோ எடுத்தாய். அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள். அதற்குத் திரும்பி வருகிறேன்.

அந்தப் போட்டோவைத்தான் ஊரெல்லாம் காட்டினேன். நம் தெரு முனையில் டீக்கடை வைத்திருக்கும் தங்கப்பனிடம் மட்டும் ஏழெட்டுத் தடவை காட்டியிருப்பேன்.

"அப்போ குமார் எவிடெ அண்ணாச்சி? படத்தில காணுனில்லல்லோ" என்றான்.

"அவன் பின்னாடி தள்ளிக்கிட்டு வந்தான்" என்றேன். அது பொய். நீ தள்ளவில்லை, ஓட்டித்தான் வந்தாய். அந்த அளவுக்குப் போயிருந்தேன்.

"எனிக்கு இந்தக் கடைப்படி கேறானே வய்யா. அண்ணாச்சி ஆளு புலியாணு கேட்டோ" என்றான் தங்கப்பன். அவனால் கடைப்படியே ஏற முடியவில்லையாம், நான் புலியாம். அன்று டீயில் எனக்கு மட்டும் ஆடை போட்டுக் கொடுத்தான்.

பிறகு நம் ரோட்டில் எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் சைக்கிளும் விற்கும் கடை ஒன்று புதிதாகத் திறந்தார்கள். வாங்குவதற்கு நான் போகவில்லை. கிண்டல் பண்ணுவதற்குத்தான் போனேன். அங்கே இருந்த பெண், ஸ்ரீஜா வயது இருக்கும், "அங்கிள், ஒண்ணு ஓட்டி நோக்கூ" என்று ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். இதெல்லாம் காலில்லாதவர்களுக்கு, நான் பிரான்சில் மலையே ஏறியவன் என்று சொல்லிப் போட்டோவை எடுத்துக் காட்டினேன். அவள் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். "அங்கிள், இதும் எலக்ட்ரிக் ஆணல்லோ" என்றாள். சொன்ன விதத்தில் கேலி இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பின் அச்சிலிருந்து ஒரு கறுப்பு வயர் கிளம்பிக் குழாய்க்குள் போவதைக் காட்டினாள். நான் நம்பவில்லை என்று நினைத்து, ஸ்டாண்டில் நின்ற ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தை ஓடவிட்டாள். டைல்ஸ் போட்ட அந்த அமைதியான கடையில் அந்த மூளலைக் கேட்டேன். பெடலை மிதிக்கும்போதெல்லாம் என் இடுப்புக்குக் கீழே மூன்று நாள் அதிர்ந்தது அதுதான். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தங்கப்பன் கடைப் பக்கம் போகாமல் சுற்றுவழியாக வீட்டுக்குப் போனேன்.

உன் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சைக்கிளில் மோட்டார் இருந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். கத்தியை நிறுத்தாமல், "தெரியும்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"போறதுக்கு முந்தியே தெரியும். அவன் எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தான்."

"எங்கிட்டச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

"சொன்னா ஏறியிருப்பியளா? மோட்டார் வச்ச வண்டில நான் ஏறவான்னு ஒத்தக் கால்ல நின்னுருப்பிய. மோட்டார் இல்லாம ஏறியிருந்தா பாதி மலையில நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பிய. அந்தக் காட்டுல யாரு வந்து தூக்குவா? ஒங்ககிட்டச் சொன்னா கேக்க மாட்டிய. சொல்லாமச் செஞ்சாத்தான் உண்டு."

கடைக்குக் கிளம்பிவிட்டேன். அவள் பேச்சு நியாயமாக இருந்தது அதற்குக் காரணம் இல்லை. அது நியாயமே இல்லை. 'சொன்னால் கேட்கமாட்டான், சொல்லாமல் செய்தால்தான் உண்டு' என்று அதே வார்த்தைகளில், அதே வீட்டில், உன்னைப் பற்றி ஒருநாள் நான் நினைத்திருக்கிறேன். நினைத்ததோடு நிற்காமல் செய்தும் இருக்கிறேன். இருபது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தை அவள் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

நீ பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, உன் நீலச் சைக்கிளில் கரமனையிலிருந்து மலைக்காட்டு எஸ்டேட்டான போணக்காடுவரை போகவேண்டும் என்று கிளம்பினாயே, அந்தக் காலத்தைச் சொல்கிறேன். அந்த ஆசையைக் கிளப்பியவனே நான்தான். போணக்காடு எஸ்டேட்டில் ஒரு பம்ப் மோட்டார் எரிந்துவிட்டது என்று என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து, மலையடிவார வித்துரா தாண்டினால் வண்டியே இல்லை, ஒரே காடு, காலடியில் வெறும் கல்லும் மண்ணும், நாம் நடக்கிற சத்தம் நமக்கே கேட்கும் என்று சாப்பிடும்போது சொன்னேன். நீ கை காய்வது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். அடுத்த வாரம் மேப்போடு வந்து நின்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி, பரீட்சை லீவில் ஒரே நாளில் போய்விடுவதாகச் சொன்னாய். வேண்டாம் என்றேன். மறுநாளே அந்த வழியில் நெடுமங்காட்டுக்குப் பாதி தூரம் போய்விட்டு வந்தாய். எனக்கு அந்தக் காட்டைப் பற்றிப் பயம் இல்லை. காட்டுக்கு முந்தின ரோட்டைப் பற்றித்தான் பயம். எஸ்டேட்டுக்குப் போன அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நேர் கீழே, வளைவில், சைக்கிளில் போன ஒருவரை நாங்கள் போன பஸ்ஸே தாரிலிருந்து ஒதுக்கி ஓடைக்குள் தள்ளியது. டிரைவர் கவனிக்கவே இல்லை. அந்த மனிதர் எழுந்தாரா என்று பார்ப்பதற்குள் வளைவு மறைத்துவிட்டது. அவர் எழுந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் கேட்கமாட்டாய் என்று முடிவுகட்டினேன்.

ஒரு சனிக்கிழமை நீ டியூஷனுக்குப் போயிருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டேன். பின்சக்கர ஹப்பில் பேரிங்கை அழுத்திப் பிடிப்பதற்குக் கோன் என்று ஒரு வளையம் உண்டு. அதை முக்கால் திருகு இறுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சத்தமும் வராது. கையால் சுற்றிவிட்டால் மட்டும் சக்கரம் இரண்டு சுற்றில் நின்றுவிடும். மிதிக்கிறவனுக்கு எங்கேயோ மணலில் ஓட்டுவதுபோல இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ அதற்கும் முன்னால் வரும் பேரூர்க்கடை தாண்டுவதற்குள் திரும்பிவிட்டாய். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்து தொடையைப் பிசைந்துகொண்டு, "எனக்குக் காலுல வலு இல்லப்பா" என்றாய். தமிழில் சொன்னாய். நீ அதை முழுக்க நம்பினாய்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்த வாரமும் சொல்லியிருக்கலாம். பையனுக்கு நெஞ்சில் ஏதாவது இருக்குமோ என்று உன் அம்மா உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். நானும் கூட வந்தேன். சட்டையைக் கழற்றிப் படுக்கவைத்து, நெஞ்சில் வயர் ஒட்டி, காகிதத்தில் கோடு எடுத்தார்கள். வயர்களைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கோளாறு எங்கே இருக்கிறது என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். டாக்டர், "குழப்பம் ஒண்ணும் இல்ல, சிலருக்கு ஸ்டாமினா குறைவாயிரிக்கும்" என்றார். அந்த வார்த்தையை நீ வீட்டுக்குக் கொண்டுவந்தாய். சைக்கிளை மட்டும் விடவில்லை, புட்பாலையும் விட்டாய். காலேஜில் நண்பர்கள் அகஸ்தியர் மலை ஏறக் கூப்பிட்டபோது, எனக்கு ஸ்டாமினா இல்லை என்று நீ போனில் சொல்வதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். நீ மலையாளத்தில் பொய் சொல்வாய். நான் பேசாமல் இருந்து பொய் சொல்வேன்.

பிறகு முப்பத்திரண்டு வயதில், பிரான்சில் யாரோ கொடுத்த சைக்கிளில் அந்தச் சரளைப் பாதையில் ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். "அப்பா, இன்னைக்கு எண்பது கிலோமீட்டர் ஓட்டினேன். எனக்குக் காலுல ஒரு கொறையும் இல்லப்பா. இப்பத்தான் தெரிஞ்சது. நீங்க ஒருக்கா இங்க வரணும். நீங்க சொன்ன போணக்காடு மாதிரியே இருக்கு." அதைக் கடையில் வைத்துக் கேட்டேன். ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. நல்லது என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். அந்தப் பாதைக்குத்தான் நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அந்த மேட்டின் உச்சியில்தான், உன் மோட்டார் கொண்டுவந்து சேர்த்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, உனக்குக் கால் வலு கிடையாது என்று நான் சொன்னேன்.

எனக்கு இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான். அன்று ஏன் நீ சும்மா இருந்தாய்? கோபத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். 'உங்க காலும் இல்லப்பா, மோட்டார்தான்' என்று ஒரு வார்த்தை போதும். நான் எழுந்து அடித்திருப்பேன், அல்லது சைக்கிளைக் கீழே தள்ளியிருப்பேன். ஆனால் அன்றைக்கே நானும் என்னுடையதைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. நினைக்கிறேன்.

நீ எனக்குத் தெரியாமல் பலம் கொடுத்தாய், நான் உனக்குத் தெரியாமல் பலத்தை எடுத்தேன், ஆகையால் உன்னுடையது அன்பு, என்னுடையது குற்றம் என்று படிக்கிறவர்கள் சொல்வார்கள். என்னுடையது பெரிய குற்றம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் தப்பு பெரியது என்பதால் உன் தப்பு இல்லாமல் போய்விடாது. ஒரு மனிதனுக்குத் தன் கால் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வயதில் உனக்கு அது தெரியாமல் நான் செய்தேன். எழுபத்தொன்றில் எனக்கு அது தெரியாமல் நீ செய்தாய். இரண்டு பேருமே பயத்தில் செய்தோம். வித்துராவுக்கு வண்டி வராத ஒரு சரளைப் பாதை இருந்திருந்தால் நான் ஸ்பேனரை எடுத்திருக்கவே மாட்டேன். ஆனால் உனக்கு அப்படி ஒரு பாதை இருந்தது. நான் மெதுவாகப் போனால் யாரும் பின்னால் வந்து இடிக்கப் போவதில்லை. இறங்கித் தள்ளினால் யாரும் சிரிக்கப் போவதில்லை. அங்கேயும் நீ என்னை என் வேகத்தில் விடவில்லை.

இனிச் செய்ய வேண்டியதையும், யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். இதில் பேரம் இல்லை.

நீ ஜூன் டிக்கெட்டை இப்போது போடக்கூடாது. முதலில் நீ இங்கே வர வேண்டும், மார்ச் பிறப்பதற்குள், வெயில் ஏறுமுன். வருகிறாயா இல்லையா என்பதைத் தமிழில் எழுத வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை.

இங்கே வந்ததும் நீயும் நானும் போணக்காடு போக வேண்டும். காட்டு இலாகா அனுமதி வாங்குவது என் வேலை. வித்துராவரை சைக்கிள்களைக் கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றிப் போவோம். அந்த ரோட்டில் இன்றைக்கும் உன்னைச் சைக்கிளில் விடமாட்டேன். உனக்கு முப்பத்தாறு ஆனாலும் அறுபது ஆனாலும் இது மாறாது. வித்துரா தாண்டி மிதிப்போம்.

தங்கப்பனிடம் உண்மையைச் சொல்ல வேண்டியது நான். நீ தள்ளிக்கொண்டு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கடைப் பெண்ணிடமும் ஒரு தடவை போய் வர வேண்டும்.

உன் அம்மா இனி எனக்குத் தெரியாமல் எனக்காக எதையும் ஏற்பாடு செய்யக்கூடாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் உட்கார்கிறேன். அவளும் பக்கத்தில் உட்காரட்டும்.

போணக்காடு போய்வந்த பிறகு ஜூன் டிக்கெட். அங்கே எனக்குச் சைக்கிள் எடுக்க வேண்டியது ஸ்ரீஜா. மோட்டார் இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். என் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் கொண்டுவருவேன், ஹப்பில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். ஏற முடியாத மேட்டில் நான் இறங்கித் தள்ள வேண்டும். நீ எனக்காக மெதுவாக ஓட்டக்கூடாது, பின்னால் திரும்பிப் பார்க்கவும் கூடாது. உன் வேகத்தில் மேலே போய், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, நான் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீலச் சைக்கிள் கடைக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது. பழைய இரும்புக்காரர் கேட்டபோதெல்லாம் ஏன் கொடுக்கவில்லை என்று உன் அம்மா கேட்டிருக்கிறாள். நான் பதில் சொன்னதில்லை. அதை நான் இறுக்கியபடியே வைத்திருக்கிறேன், யாரும் தொடவில்லை. நீ வந்த மறுநாள் காலையில் அதை ஆணியிலிருந்து இறக்க வேண்டியது நீ. கவிழ்த்து நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டியது நீ. இரண்டு சுற்றில் அது நிற்பதைப் பார்க்க வேண்டியது நீ. அதன் பிறகு ஸ்பேனரை எடுத்து அந்தக் கோனை முக்கால் திருகு தளர்த்த வேண்டியது நான். மறுபடியும் சுற்றிவிட வேண்டியது நீ. அது தானாக நிற்கும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசக்கூடாது.